வயிறு, கடையின் கடைசி றாக்கை அல்ல

தம்பி, என் மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, நம் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்றபடி, அன்றைக்குத் திகதி முடிகிற முட்டை சான்ட்விச் ஒன்றை நீ ஐந்து கடியில் விழுங்கினாய். ஒரு கையில் சான்ட்விச், மற்றக் கையில் போன். போன் வைத்திருந்த கை ஒருதரம் கீழே போய், பெல்ட்டுக்கு மேலே வயிற்றை அமத்திவிட்டுத் திரும்பி வந்தது. பிறகு பிரிட்ஜைத் திறந்து, அதுவும் அன்றைக்கே முடிகிற ஸ்ட்ரோபெரி யோகட் ஒன்றை எடுத்து, கரண்டி தேடாமல் அப்படியே குடித்தாய். நான் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் காலை பத்து மணிக்கு லோயரிடம் போய்க் கடையை உன் பேருக்கு மாற்றுவதாக இருந்தோம். நான் லோயருக்கு போன் எடுத்து, நாளைக்கு வரமாட்டோம் என்று சொல்லிவிட்டேன்.

ஏன் என்று உனக்குச் சொல்லவில்லை. அது என் பிழை. நீ பாங்க் வேலையை விட்டுவிட்டு இந்தக் கடையை நம்பி வந்தவன். 'அம்மாவுக்கு என்ர வியாபார மூளையில நம்பிக்கை இல்லை' என்று நீ நினைத்ததில் நியாயம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை தர்ஷினி எனக்கு போன் எடுத்தாள். "மாமி, அவர் ரெண்டு நாளாச் சாப்பாட்டைத் தொடுறார் இல்லை. கடையைத் தரேல்லையெண்டாத் தரேல்லையெண்டு சொல்லிப்போடுங்கோ. மனுசனை இப்பிடித் தொங்கவிடாதேங்கோ" என்றாள். மருமகள் சொன்னது சரி. புதன்கிழமை நீயும் நானும் போனில் பேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். கடைசியில் நீ சொன்னாய்: "எழுதித் தாங்கோ அம்மா. வாய்ப்பேச்சில வியாபாரம் செய்யாதை எண்டு நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள்." அதனால் எழுதுகிறேன். உன் பக்கத்து நிபந்தனை ஒன்றே ஒன்று. எனக்குக் கஷ்டமானது அதுதான், அதைக் கடைசியில் எழுதுவேன். அதற்கு முதல் நான் ஏன் கையெழுத்து வைக்கவில்லை என்று தெரிந்துகொள். கடையை உன்னிடம் தர எனக்குப் பயமில்லை. கடையோடு சேர்த்து என் வயிற்றையும் தந்துவிடுவேனோ என்றுதான் பயம். கடை வைத்திருக்கிற மற்ற வீடுகளிலும் இதே பிழை நடக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால் இதை வேறு ஆட்கள் வாசித்தாலும் எனக்குப் பரவாயில்லை.

நாடு விட்டு வந்து, ஃபாரஸ்ட் கேட் பகுதியில் இந்தக் கடையை எடுத்தபோது உனக்கு ஆறு வயது. அப்பாவுக்கு இரவு முழுக்கப் பெற்றோல் ஸ்டேஷன் வேலை, பகலில் நித்திரை. நான் காலை ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் இரவு எட்டு மணிவரை கவுண்டர்தான். அந்த வருடமே நம் வீட்டில் ஒரு சட்டம் வந்துவிட்டது. ஒருவரும் எழுதி ஒட்டவில்லை, தானாக வந்தது. கடை விற்காததை வீடு சாப்பிடும். காலையில் முதல் வேலை பிரிட்ஜில் திகதி பார்ப்பது. அன்றைக்கு முடிகிறதுக்கு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, சாமான் அடுக்கும் றாக்கையில் முன்னுக்கு வைத்து விலை குறைப்பேன். அப்படியும் போகாதது என் மத்தியானச் சாப்பாடு, அதற்கு மேலும் மிஞ்சினால் உன் பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டி. சான்ட்விச், யோகட், வெட்டிய பழம், சலட், பெட்டி ஜூஸ். எனக்கு என்ன சாப்பிட மனமாயிருக்கிறது என்று நான் என்னைக் கேட்டதே இல்லை. திகதியைத்தான் கேட்டேன். மொத்தச் சாமான் வாங்கும் இடத்தில் மற்றக் கடைக்காரரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், என் கடையிலிருந்து ஒரு யோகட்கூடக் குப்பைக்குப் போனதில்லை என்று. அவர்களும் தலையாட்டினார்கள். அவர்கள் வீட்டிலும் அதே சட்டம்தான்.

நாற்பது வயது தாண்டிய பிறகு வயிறு பேசத் தொடங்கியது. சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் பலூன்போல ஊதும். காலையில் மூன்று, நான்கு தரம் டொய்லட்டுக்கு ஓட வேண்டும், அதுவும் தண்ணியாக. மத்தியானத்துக்குப் பிறகு கை கால் ஈரச் சாக்குப்போலக் கனக்கும். இனிப்பு கேட்கும், இனிப்புச் சாப்பிட்டால் இன்னும் ஊதும். ஜிபி, அதுதான் நம் பகுதிக் குடும்ப டொக்டரிடம் போனேன். இரத்தம் எடுத்தார்கள், மலம் சோதித்தார்கள், ஆஸ்பத்திரியில் குழாய் விட்டும் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை, குடல் கொஞ்சம் கோபக்காரக் குடல், பார்த்துச் சாப்பிடுங்கள் என்றார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. பயப்படத்தக்க நோய், வருத்தம் இல்லை என்று சொன்னது பெரிய விஷயம். ஆனால் பார்த்துச் சாப்பிடுவது என்றால் எதைப் பார்ப்பது என்று எனக்கு விளங்கவில்லை. நான் திகதி பார்த்துத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நம் கடையிலிருந்து இரண்டு கதவு தள்ளிச் சீன வைத்தியக் கடை வைத்திருக்கும் மிஸிஸ் லின்னை உனக்குத் தெரியும். ஒன்பது வருடம் நாங்கள் குட் மோர்னிங்குக்கு மேல் கதைத்ததில்லை. அதற்கு நான்தான் காரணம். அவ கடை திறந்த கிழமை அறிமுகமாக வந்தா. நான் நம் வழக்கப்படி ஒரு சோடாவை எடுத்து, மூடியைத் திறந்து நீட்டினேன். அவ இரண்டு கையாலும் மெதுவாகத் தள்ளிவிட்டு, சுடுதண்ணி இருந்தால் தாருங்கள் என்றா. வந்த ஆளுக்கு வெறும் சுடுதண்ணி கொடுத்து அனுப்புவதா? என் சோடாவை வேண்டாம் என்றவவோடு எனக்கென்ன கதை என்று இருந்துவிட்டேன். கிழமைக்கு ஒருதரம் வந்து இஞ்சி வாங்குவா. ஒவ்வொரு கிழங்காக முனையை ஒடித்து மணந்து பார்ப்பா. அதுவும் எனக்கு எரிச்சல்.

போன வருடம் ஒருநாள் மத்தியானம், அவ இஞ்சியோடு கவுண்டருக்கு வந்தபோது எனக்கு வயிறு பிடித்துக் குனிந்துவிட்டேன். என்ன செய்கிறது என்று அவ கேட்கவில்லை. "எத்தினை வருசமா?" என்று கேட்டா. அவ கதைத்தது ஆங்கிலத்தில், நான் என் காதில் விழுந்தபடி எழுதுகிறேன். அந்தக் கேள்விக்காகவே அடுத்த நாள் அவ கடைக்குப் போனேன். போனதும் கட்டணத்தில் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்டேன் என்பதையும் ஒளிக்கவில்லை. உங்கள் கடை இஞ்சிக்கு நான் ஒருநாளாவது விலை கேட்டுச் சண்டை பிடித்தேனா என்று திருப்பிக் கேட்டா. வாயை மூடிக்கொண்டேன்.

மூட விடவில்லை. நாக்கை நீட்டச் சொன்னா. வியாபாரத்தில் இத்தனை வருடம் ஒருத்தருக்கும் நாக்கு நீட்டாதவள், அங்கே ஜன்னல் பக்கம் திரும்பி நீட்டினேன். நாக்கின் இரண்டு ஓரத்திலும் பல் பதிந்த அடையாளம் இருந்தது, நடுவில் தடிப்பாக வெள்ளை படிந்திருந்தது. கண்ணாடியில் எனக்கும் காட்டினா. ஒவ்வொரு நாளும் பல் துலக்கியவள் அதைக் கண்டதில்லை. பிறகு இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து, மாம்பழம் பழுத்ததா என்று நாங்கள் பார்ப்பதுபோல அமத்தி அமத்திப் பார்த்தா. நான் இரத்த அழுத்தத்துக்குக் குளிசை எடுப்பதைக் கேட்டதும், ஜிபி சோதனைப் பேப்பர்களைக் கொண்டு வரும்வரை ஒரு தூளும் தரமாட்டேன் என்றா. எனக்கு அவவில் நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான். விற்க அவசரப்படாத வியாபாரியை நான் அதிகம் கண்டதில்லை.

அவ சொன்னதை எனக்கு விளங்கின மாதிரிச் சொல்கிறேன். சீன வைத்தியத்தில் இரைப்பை பானை, மண்ணீரல் அடுப்பு. இந்த மண்ணீரல் ஆஸ்பத்திரிக்காரர் சொல்லும் மண்ணீரல் அல்ல, சாப்பாட்டைச் சத்தாக மாற்றுகிற வேலைக்கு அவர்கள் வைத்த பேர். பானைக்குள் ஒவ்வொரு நாளும் பிரிட்ஜிலிருந்து எடுத்ததைக் கொட்டினால், அதைச் சூடாக்கவே அடுப்பின் விறகு முடிந்துவிடும். சமைக்க மிச்சம் இராது. அரைகுறையாக வெந்தது உள்ளே ஈரமாகத் தங்கும். இந்த ஈரம்தான் ஊதுவது, கனப்பது, தண்ணியாகப் போவது என்றா. அடுப்பை நான் பாதி நம்பினேன், ஈரத்தை முழுதாக நம்பினேன். கடை எடுத்த முதல் குளிருக்கு நிலக்கீழ் அறையில் அரிசி மூட்டைகளை வெறும் சீமெந்தில் அடுக்கி வைத்தது உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. மேலே பார்த்தால் நல்ல அரிசி. அடி மூட்டையில் கை வைத்தபோது பிசுபிசுத்தது. ஈரம் ஒரு நாளில் வருவதில்லை. வந்ததும் தெரிவதில்லை.

பிறகு, ஏழு நாளைக்கு வாய்க்குள் போகிற எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதிக் கொண்டு வரச் சொன்னா. எழுதுவது எனக்குப் புதிதல்ல. ஒரு நோட்டுக் கொப்பியில் ஒழுங்காக எழுதி, பழக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் முடிகிற திகதியையும் போட்டுவிட்டேன். மிஸிஸ் லின் விரலால் கோடு கோடாகப் பார்த்துக்கொண்டு போனா. ஏழு நாளும் எல்லாத் திகதியும் அன்றன்றைய திகதிதான். கொப்பியை மூடி என் பக்கம் தள்ளினா.

"இதில பசி எங்கை இருக்கு? உங்கட வயிறுதான் இந்தக் கடையின்ர கடைசி றாக்கை."

எனக்குக் கோபம் வந்தது. வீணாக்கினால் பாவம் என்று வளர்ந்தவள் நான் என்றேன். வேண்டாத வயிற்றுக்குள் போட்டால் மட்டும் வீணாகாதா என்று கேட்டா. நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும், அந்தச் சாப்பாட்டில் பழுது இல்லை. திகதி முடியாத சாமான்தான், அதை ஒருநாள் வாங்கிச் சாப்பிடுகிறவனுக்கு ஒன்றும் செய்யாது. பிழை என்னவென்றால் குளிராக, நின்றபடி, நேரம் கெட்ட நேரத்தில், இருபத்தைந்து வருடமாக ஒவ்வொரு நாளும் சாப்பிட்டது. அதற்கு மேல் இன்னொன்றும் கேட்டா, சாப்பிடும்போது என்ன யோசிப்பீர்கள் என்று. பால்காரன் ஏன் வரவில்லை, கவுன்சில் கடிதத்துக்கு என்ன பதில், எந்தச் சாமான் முடிகிறது என்றேன். கனக்க யோசித்தால் மண்ணீரல் முடிச்சுப் போட்டுக்கொள்ளும் என்பது அவர்கள் கணக்கு. யோசித்துக்கொண்டு சாப்பிடுகிறவளின் சாப்பாட்டை யோசனைதான் சாப்பிடுகிறது என்றா.

முதல் மூன்று கிழமைக்கு, இருபத்தொரு நாளும், மருந்தே இல்லை. காலை ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையில் சூடாக ஏதாவது, அதுதான் இரைப்பையின் நேரமாம். இஞ்சி தட்டிப் போட்ட அரிசிக் கஞ்சி போதும். மூட்டை மூட்டையாக அரிசி விற்கிற நான், கஞ்சி என்றால் காய்ச்சல்காரருக்கு என்று நினைத்திருந்தவள். மத்தியானம் நிற்காமல், கதிரையில் இருந்துகொண்டு சாப்பிடுகிற சமைத்த சாப்பாடு. பிரிட்ஜிலிருந்து நேரே வாய்க்கு ஒன்றும் போகக் கூடாது. பச்சைச் சலட்டும் பாலும் இனிப்பும் குறைவு, பூசணியும் கரட்டும் வேகவைத்து. ஏழு மணிக்குள் கடைசிச் சாப்பாடு, அதற்குப் பிறகு நூறு அடி நடை. நான் நான்காம் நாளே களவு செய்தேன். ஆறு யோகட் அன்றைக்கு முடிகிறது, ஒருவரும் வாங்கவில்லை, கை தானாகப் போனது. இரண்டு சாப்பிட்டேன். அன்று பின்னேரம் வயிறு தந்த அடியில்தான் வித்தியாசம் விளங்கியது. மூன்று நாள் சும்மா இருந்த வயிறு நான்காம் நாள் கத்தினால், அது ஏன் கத்துகிறது என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

பிறகு ஜிபி டொக்டரிடமும் மருந்துக் கடையிலும் கேட்டு, என் குளிசைகளோடு இடறாது என்று தெரிந்த பிறகு ஒரு தூள் தந்தா. ஒரேஞ்ச், அதுதான் தோடம்பழம், அதன் காய்ந்த தோலும் வேறு நாலைந்தும், பழைய மரப்பெட்டியை ஊறவைத்துக் குடித்த மாதிரி. இரண்டு மாதத்தில் ஊதல் பாதியாகக் குறைந்தது. காலையில் ஒருதரம்தான். தூள் செய்ததா, கஞ்சி செய்ததா, கதிரை செய்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சாமான் வாங்கும் நாளில் சாப்பாட்டைத் தவறவிட்டால் இன்றைக்கும் ஊதும். முழுச் சுகம் என்று உனக்கு விற்க மாட்டேன்.

இனி உன் கதை. நீ எட்டு வயதில் பள்ளிக்கூடத்தில் வயிறு நோகிறது என்று அழுதாய். மத்தியானம், லொறி வந்து சாமான் இறங்கும் நேரம், பள்ளிக்கூடத்திலிருந்து போன். கடையை அரைகுறையாகப் பூட்டிவிட்டு வந்தேன். ஒபிசுக்கு வெளியே சின்னக் கதிரையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வெளிறிப்போய் இருந்தாய். டீச்சருக்கு ஆங்கிலத்தில் நன்றி சொன்னேன். உனக்குத் தமிழில், "நடிக்காதை. கணக்குப் பாடத்துக்குப் பயந்து நடிக்கிறாய், எனக்குத் தெரியாதோ?" என்றேன். கடைக்குக் கூட்டிவந்து அரிசி மூட்டையில் இருத்தி, பாவம் பார்த்து பிரிட்ஜிலிருந்து ஒரு மாம்பழ ஜூஸ் எடுத்துத் தந்தேன். அந்தப் பள்ளிக்கூடத் தவணையில் இன்னொருதரமும் அப்படி நடந்தது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போன் எடுக்கவில்லை. பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்று அப்பாவிடம் சொன்னேன். உண்மையில் நீ நோவைச் சொல்லாமல் விடப் பழகியிருந்தாய். அந்த இரண்டு நாளும் உன் பெட்டியில் என்ன இருந்தது என்று எனக்கு ஞாபகமில்லை, ஆனால் என்ன திகதி இருந்திருக்கும் என்று தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை உன் கை வயிற்றுக்குப் போனபோது நான் கண்டது அந்தச் சின்னக் கதிரையைத்தான். பாங்கில் மீட்டிங் வருமுன் நீ டொய்லட்டுக்கு ஓடுவதாகத் தர்ஷினி ஒருமுறை சொன்னாள், நான் சிரித்துவிட்டு விட்டேன். திங்கட்கிழமை மிஸிஸ் லின்னிடம் போய், மகனுக்கும் என் தூளில் ஒரு பாக்கெட் தாருங்கள் என்றேன். "அவரின்ர நாக்கைக் கொண்டு வந்தனீங்களோ?" என்று கேட்டா. அம்மாவின் கால் அளவுக்கு மகனுக்குச் சப்பாத்து வாங்குவீர்களா என்றா. உனக்கு மனதில் இறுக்கம் வரும்போது வயிறு ஓடுகிறதென்றால் அது வேறு வழி, அவர்கள் சொல்லில் கல்லீரல் மண்ணீரலைத் தள்ளுவது, அதற்கு என் மருந்து பொருந்தாது. முதலில் ஜிபி, பிறகு ஆள் நேரே வர வேண்டும் என்று சொல்லிவிட்டா.

இவ்வளவும்தான் நான் கையெழுத்து வைக்காததன் காரணம். புதன்கிழமை இதில் பாதியைத்தான் போனில் சொன்னேன், மற்றப் பாதிக்கு நீ இடம் தரவில்லை. மத்தியானம் ஒரு மணித்தியாலம் கடை பூட்ட வேண்டும் என்றேன். பதினைந்து நிமிடம் என்றாய். "பதினைஞ்சு நிமிசத்தில மாடுகூட அசைபோடாது" என்றேன். "மாட்டுக்கு வாடகை இல்லை அம்மா" என்றாய். அங்கே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேரத்தில் முதலில் சிரிக்கிறவர் இறங்க வேண்டும், இறங்கினேன்.

ஆகவே ஒத்துக்கொண்டவை இவை. வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கடை உன் பேருக்கு மாறும். ஒவ்வொரு நாளும் ஒன்றரையிலிருந்து இரண்டு மணிவரை ஷட்டர் பாதி இறங்கும். நீ கதிரையில் இருந்து சூடான சாப்பாடு சாப்பிடுவாய், போன் கவுண்டரில் கிடக்கும். காலைக் கஞ்சியை நீயே வைப்பாய், தர்ஷினியின் தலையில் கட்டக் கூடாது. அன்றைக்கு முடிகிற சாமான் காலையிலேயே கதவடியில் வைக்கிற மலிவு விலைக் கூடைக்குப் போகும். நாலு மணிக்கு மிஞ்சினதைத் தேவாலயத்தில் இல்லாதவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கும் சாப்பாட்டு வங்கிக்கு, அவர்கள் அன்றைக்கே கொடுத்து முடிக்கக் கூடியதாக அனுப்புவாய். ஒன்றும் வீட்டுக்கு வராது. கையெழுத்துக்கு முதல் நீ தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும் இரத்தச் சோதனைக்கும் மலச் சோதனைக்கும் போவாய். முடிவு வந்த பிறகு மிஸிஸ் லின்னிடம் உன் நாக்கை நீயே கொண்டுபோவாய். நான் கிழமையில் இரண்டு நாள்தான் கடைக்கு வருவேன். நீ சாப்பிடும்போது வியாபாரம் கதைக்க மாட்டேன். கதைத்தால் அன்றைக்கு என்னை வீட்டுக்கு அனுப்பலாம்.

உன் பக்கத்து நிபந்தனை, நீ சொன்ன சொல்லிலேயே: "எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். நான் அண்டைக்கு நடிக்கேல்லை எண்டு எழுதுங்கோ."

எழுதுகிறேன். எட்டு வயதில் உனக்கு உண்மையாகவே வயிறு நொந்தது. நீ நடிக்கவில்லை. அம்மா பிழையாகச் சொன்னேன். இதற்கு நான் பேரம் பேசவில்லை, நீ கேட்டபடியே ஒத்துக்கொண்டேன்.

அம்மா